நிகழ்ச்சி முடிந்த பிறகு எத்தனை புத்தகம் வீட்டுக்குப் போனது?

பாலக்கோடு பக்கம் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கு உங்களைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். காலையில் பேப்பர் படிக்க நாலைந்து பெரியவர்கள், அவர்கள் போன பிறகு குரூப் 4 படிக்கும் பிள்ளைகள், அதோடு சரி, புத்தகம் எடுத்துப் போக ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு எந்தப் புத்தகத்தைச் சொல்வது, கூட்டம் வர என்ன நிகழ்ச்சி நடத்துவது என்பது உங்கள் கேள்வி.

நான் மூன்றாம் நிலை நூலகராகச் சேர்ந்து, கிளை கிளையாக மாறி ஓய்வு பெற்றவன். சேர்ந்தபோது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம், 2004-ல்தான் பிரிந்தன. அதனால் பென்னாகரத்துப் புழுதியும் தெரியும், தளி பக்கத்துக் குளிரும் தெரியும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் வேலையாக நூலகரிடம் கேட்டு இரவல் பதிவேட்டை வாங்கி, பின்னோக்கி ஒரு வருடம் புரட்டுங்கள். ஆளே இல்லை என்பது உண்மையாக இருக்காது. இருபது முப்பது பெயர்களாவது இருக்கும். யார் எதை எடுத்தார்கள், எந்தப் புத்தகத்தோடு வருவதை நிறுத்தினார்கள் என்று பாருங்கள். நாலு வாரம் விடாமல் எடுத்தவர் ஐந்தாவது வாரம் காணாமல் போனார் என்றால், ஒன்று அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பார், இல்லையென்றால் நாம் கொடுத்த ஐந்தாவது புத்தகம் அவரை விரட்டியிருக்கும். இரண்டாவது காரணம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

நிகழ்ச்சி என்றதும் எனக்கு ஒரு நூலக வார விழா ஞாபகம் வருகிறது. நவம்பர் 14 முதல் 20 வரை நாடு முழுக்க நடப்பதுதான். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. ஷாமியானா போட்டோம், மைக் செட், எட்டுப் பொன்னாடை, ஒரு கவியரங்கம். நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது. மறுநாள் பதிவேட்டைப் பார்த்தால் இரண்டே இரவல். அதில் ஒன்று என் மகள் எடுத்தது. நிகழ்ச்சி நடந்த மூன்று மணி நேரமும் நூலகத்தின் கதவு பூட்டியிருந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது. எல்லோரும் வெளியே பந்தலில் இருந்தோம், புத்தகங்கள் உள்ளே இருந்தன.

அன்றிலிருந்து ஒரே ஒரு கணக்குத்தான் வைத்துக்கொண்டேன். நிகழ்ச்சி முடிந்து கலையும்போது எத்தனை புத்தகம் வீட்டுக்குப் போனது? பத்துப் பேர் வந்து ஆறு புத்தகம் போனால் நல்ல நிகழ்ச்சி. நூறு பேர் வந்து ஒன்றும் போகவில்லை என்றால் அது கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரி, சாப்பிட்டுப் போய்விடும். நீங்கள் எதை நடத்தினாலும் அந்த இடத்திலேயே ஒரு மேசை, அதன் மேல் அன்றைய பேச்சோடு சம்பந்தப்பட்ட முப்பது புத்தகம், பக்கத்தில் பதிவேட்டோடு ஒருவர், உறுப்பினர் சேர்க்கைப் படிவம், ஒரு பேனா. பேச்சாளர் முடித்த பிறகு நன்றியுரை ஆற்ற வருபவர் மேசையைக் காட்டி இரண்டு புத்தகத்தைப் பற்றி இரண்டு இரண்டு வரி சொல்லட்டும். நன்றியுரைக்கு வேறு பயனும் இல்லை.

இனிப் பரிந்துரை. "உங்களுக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். பத்தாவதோடு படிப்பை விட்டவருக்கு அது பரீட்சைக் கேள்வி மாதிரி. "என்ன வேலை பார்க்கிறீங்க, சொந்த ஊர் எது, ராத்திரி தூங்கப் போகும் முன் என்ன பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். பதிலிலேயே புத்தகம் இருக்கும். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரி ஓட்டும் ஒருவர் வந்தார். விருது வாங்கிய பெரிய நாவல் ஒன்றைக் கையில் திணித்தேன். மூன்று மாதம் ஆள் வரவில்லை. அப்புறம் வந்து, "படிப்பெல்லாம் நமக்கு வராது சார்" என்று அபராதத்தோடு திருப்பிக் கொடுத்தார். தவறு என்னுடையது, அவரோ தன்மேல் போட்டுக்கொண்டார். ராயக்கோட்டை ரோட்டில் யானை குறுக்கே வந்ததை அரை மணி நேரம் எனக்கு விவரித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். ச. முகமது அலியும் க. யோகானந்தும் எழுதிய 'யானைகள்: அழியும் பேருயிர்' அடுக்கில் இருந்தது. கொடுத்தேன். அடுத்த வாரமே வந்தார், வேறு காட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று.

அதனால் இருபது பக்க விதி ஒன்றை எல்லோரிடமும் சொல்லுங்கள்: இருபது பக்கத்துக்குள் இழுக்கவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டோம். திருப்பிக் கொடுக்க வெட்கப்படுகிறவர்தான் நூலகத்துக்கே வராமல் போகிறார்.

இன்னொன்று, ஏளனம் வேண்டாம். ரமணிசந்திரன் கேட்டு வரும் பெண்ணிடமும் ராஜேஷ்குமார் கேட்டு வரும் பையனிடமும் "நல்ல இலக்கியம் படிங்க" என்று முகத்தைச் சுளிக்கிற வாசகர் வட்டத்தாரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டதைக் கொடுங்கள், கூடவே ஒன்றை வையுங்கள். ராஜேஷ்குமாரோடு பூமணியின் 'வெக்கை'. கொலை செய்துவிட்டு அப்பனோடு காட்டில் ஓடி ஒளியும் பையனின் கதை அது. முதல் பக்கத்திலேயே வெட்டு விழுந்துவிடும், துப்பறியும் கதை படிக்கிறவர் கீழே வைக்க மாட்டார். ரமணிசந்திரனோடு ராஜம் கிருஷ்ணன். உப்பளத் தொழிலாளிகளைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' மாதிரி ஒன்றைக் கொடுத்தால், கூலி வேலைக்குப் போகும் பெண் அதில் தன் கையின் வெடிப்பைப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் போகட்டும், இருபது பக்க விதி இருக்கிறது.

'பொன்னியின் செல்வன்' பற்றி ஒரு வார்த்தை. 1950-களின் தொடக்கத்தில் கல்கி இதழில் தொடராக வந்த நாவல் இன்னும் எல்லா நூலகத்திலும் தேய்ந்துபோகிறது. படம் வந்தபோது கேட்டு வராதவர்களே கிடையாது. ஆனால் ஐந்து பாகம். முதல் பாகம் மட்டும் எப்போதும் வெளியே இருக்கும் அல்லது தொலைந்துபோயிருக்கும். நாலும் ஐந்தும் புத்தம் புதிதாக அடுக்கில் உட்கார்ந்திருக்கும். யாராவது நன்கொடை தர முன்வந்தால் முதல் பாகத்தில் மட்டும் மூன்று பிரதி வாங்கித் தரச் சொல்லுங்கள். முதன்முதலாக வருபவருக்கு அதைவிடச் சின்னதான 'பார்த்திபன் கனவு' போதும்.

காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்களை நீங்கள் கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் உங்கள் நூலகத்தின் பெரிய சொத்தே அவர்கள்தான். நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் என்ன நடக்கும்? பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. பதினெட்டு நாள். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வருவார்கள், கடைசி நாள் துரியோதனன் படுகளம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் கர்ணன் யார் பெற்ற பிள்ளை என்று தெரியும். ஒருவர் படிக்க ஊர் உட்கார்ந்து கேட்பது இங்கே புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய பழக்கமே இல்லை. நூலகம்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ராஜாஜியின் 'வியாசர் விருந்து' கண்டிப்பாக உங்கள் அடுக்கில் இருக்கும். ஆசிரியர் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர், நம்ம ஊர் ஆள். சின்னச் சின்ன அத்தியாயம், ஒன்றைப் படிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. பேப்பர் படித்து முடிந்த பிறகு பத்தரை மணிக்கு, குரல் நன்றாக இருக்கும் ஒருவர் தினம் ஒரு அத்தியாயம் உரக்கப் படிக்கட்டும். ஒரு கிளையில் இதைத் தொடங்கியபோது இரண்டாம் வாரமே ஓய்வுபெற்ற கூத்துவாத்தியார் ஒருவர் குறுக்கிட்டார். "இங்கே ராஜாஜி சுருக்கிட்டாரு, கூத்துல இது எப்படி வரும் தெரியுமா?" என்று எழுந்து நின்று பாடிக் காட்டினார். குரூப் 4 பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து நின்றார்கள். எட்டுப் பொன்னாடையால் முடியாதது அது. அங்கிருந்து வில்லிபாரதத்துக்கும், 'பெரிய எழுத்து' என்று போட்டு வரும் அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை மாதிரிப் புத்தகங்களுக்கும் பெரியவர்கள் தாமாகவே போனார்கள். பார்வை மங்கியவர்களுக்கு அந்தப் பெரிய எழுத்து ஒரு வரம். அதோடு, உங்கள் வட்டத்தின் முதல் செலவாகப் படிக்கும் கண்ணாடி நாலு வாங்கி மேசையில் கயிற்றால் கட்டி வையுங்கள். கண்ணாடியை வீட்டில் மறந்தவர் தலைப்புச் செய்தியோடு எழுந்து போய்விடுகிறார்.

பெண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காலையில் தண்ணீர், சமையல், மாடு, தக்காளி பறிக்கப் போவது, சாயங்காலம் திரும்பவும் அதே. நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒழிவு இல்லை. ஒழிவு இருக்கும் நேரத்தில், ஆண்கள் பேப்பரோடு உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழையக் கூச்சம். ஆகவே புத்தகம்தான் போக வேண்டும். இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டுதான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் தன் ஐந்து நூலக விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அதில் இரண்டு. வண்டி அந்த விதிகளுக்குக் கால் முளைத்தது மாதிரி.

மாசி, பங்குனியில் புளி தட்டும் வேலை தொடங்கும் அல்லவா? பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு திண்ணையிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து நாள் முழுக்க ஓடு நீக்கிக் கொட்டை எடுப்பார்கள். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி அங்கே உட்கார்ந்து ஒரு கதையைப் படித்தால் போதும். நாங்கள் செய்தபோது கி. ராஜநாராயணனின் நாட்டுப்புறக் கதைகளில் தொடங்கினோம். இரண்டாம் நாளே "எங்க ஊர்ல இதே கதை வேற மாதிரி" என்று ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், படிக்க வந்த பெண் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. சீசன் முடிவதற்குள் அந்தக் கூட்டத்தில் ஒன்பது பேர் உறுப்பினர் அட்டை வாங்கினார்கள்.

மகளிர் குழுக்களையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியதே 1989-ல் நம் தருமபுரி மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. முப்பது வருடத்துக்கு மேலாகத் தவணை, வட்டி, தீர்மானப் புத்தகம் என்று எழுதிப் பழகிய கைகள் அவை. குழுக் கூட்டம் நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு, ஒரு பழைய பிஸ்கட் அட்டைப்பெட்டியில் இருபத்தைந்து புத்தகம் வைத்து அனுப்புங்கள். குழுவின் எழுத்தரையே பொறுப்பாக்கினால் ஒரு புத்தகமும் தொலையாது. கடன் வசூலிக்கிறவருக்குப் புத்தகம் வசூலிப்பது பெரிய விஷயமா? நடக்க முடியாதவர்கள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோக 'நூலக நண்பர்கள்' என்று ஒரு திட்டம் துறையிலேயே இருக்கிறது. தன்னார்வலர்களைச் சேர்க்க முடியுமா என்று மாவட்ட நூலக அலுவலரிடம் கேளுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். அதாவது இன்றைக்குப் பள்ளிக்குப் போகும் பல பிள்ளைகளுக்கு வீட்டில் படித்துக் காட்ட ஆளில்லை. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில், பிள்ளை பாட்டியிடம். அந்தப் பிள்ளைக்கு வயதைப் பார்த்துப் புத்தகம் கொடுத்தால் தோற்றுவிடுவோம். ஆறாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்பு அளவில் படிப்பான், அது தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பெரிய புத்தகமாக எடுத்து விரித்து வைத்துக்கொள்வான். பள்ளிக்கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல யோசனை. வகுப்பு எண் இல்லை, அதனால் வெட்கமும் இல்லை. உங்கள் குழந்தைகள் அடுக்கையும் அப்படியே நாலு நிறத்தாள் ஒட்டிப் பிரியுங்கள்.

எதைக் கொடுப்பது? எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்கு அழ. வள்ளியப்பா பாட்டுகள், ஏனென்றால் பாட்டு அடுத்த சொல்லைத் தானே இழுத்துவரும். நடக்கத் தொடங்கியதற்குத் தெனாலிராமன், முல்லா. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்குத் தெனாலிராமன் ஏற்கெனவே வீட்டு ஆள்; தெரிந்த கதையைத் தெரியாத எழுத்தில் படிப்பது பாதி வேலையைக் குறைக்கும். ஓடுகிற பிள்ளைக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்ட ஒரு சிறுமிக்கு என்ன ஆயிற்று என்ற கதை. ஒரே உட்காரலில் முடிந்துவிடும், ஆனால் பெரியவர்களும் அழுவார்கள். அதனால் யாராவது கூட இருந்து பேசுவது நல்லது. பறக்கிற பிள்ளைக்கு ஒரு ஜப்பானியச் சிறுமியின் பள்ளி அனுபவமான 'டோட்டோ-சான்', அப்புறம் பெ. தூரன் பொறுப்பில் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதி எங்காவது பீரோவில் பூட்டிக் கிடந்தால் அதை முதலில் வெளியே எடுங்கள். பழையதுதான். ஆனாலும் புரட்டப் புரட்ட ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வைக்கும் புத்தகம் அது. கிழிந்துவிடும் என்று பூட்டிவைத்த புத்தகத்தைக் கரையான் தின்பதைவிடப் பிள்ளைகள் கிழிப்பது மேல்.

கதை நேரத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். நமக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிறு நூலகம் திறந்திருக்கும், பள்ளியும் இல்லை. கதை சொல்ல வெளியூர்ப் பிரபலம் வேண்டாம். குரூப் 4 படிக்கிற பிள்ளைகளே போதும். அவர்கள் தினமும் வருகிறார்கள், நாற்காலியும் மின்விசிறியும் நூலகத்துடையது, வாரத்தில் அரை மணி நேரம் திருப்பித் தரச் சொல்வதில் தப்பில்லை. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குப் பரிந்துரை என்று நான் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆறு முதல் பன்னிரண்டு வரை சமச்சீர்ப் பாடநூல் இரண்டு செட் இருந்தால் போதும். ஒரே ஒரு விஷயம்: அவர்களையும் பெரியவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்காதீர்கள். தினமும் சண்டை வரும்.

உள்ளூர் அடுக்கு என்று ஒன்று வைக்கச் சொல்வேன். நுழைந்ததும் கண்ணில் படும்படி ஒரு தட்டு, அதில் நம் மண்ணைப் பற்றியவை மட்டும். தொல்லியல் துறை வெளியிட்ட தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்வெட்டுத் தொகுதிகள், மயிலாடும்பாறை பற்றிய வெளியீடு. கிருஷ்ணகிரி மாவட்டத்து அந்த மலையடிவாரத்தில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தபோது கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க என்னிடம் பேப்பர் துண்டுதான் இருந்தது. விவசாயியிடமே நேரடியாக நில வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்ட வெள்ளைக்கார அதிகாரிகள் ரீடும் மன்றோவும் 1790-களில் பாராமகாலில், அதாவது நம் ஊர்களில், நிலம் அளந்தவர்கள் என்பதால் அந்தக் காலத்து நில வரலாறு பற்றி எது கிடைத்தாலும் வையுங்கள். பட்டா பிரச்சினை உள்ளவர் எல்லாம் அதைப் புரட்டுவார். பாப்பாரப்பட்டியில் 1925-ல் கண்மூடிய சுப்பிரமணிய சிவா எழுதியவை. தெலுங்கு பேசும் குடும்பத்துக்காரர்களுக்கு, வடக்கிலிருந்து தப்பி வந்து கரிசல் காட்டில் ஊர் உண்டாக்கியவர்களைப் பற்றிய 'கோபல்ல கிராமம்'. ஊர் தூரத்து ஊர்தான், ஆனாலும் "எங்க தாத்தாவும் இப்படித்தான் சொல்லுவாரு" என்பார்கள். ஆங்கிலம் படிக்கிற கல்லூரிப் பிள்ளைக்கு கென்னத் ஆண்டர்சன். ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலி பற்றி அவர் எழுதியது தன் ஊர்க் காடு என்று தெரிந்ததும் அகராதியோடு உட்கார்ந்துவிட்டான் ஒருவன். வேட்டைக் கதை என்பதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அதனால் பக்கத்திலேயே, காட்டுயிரைக் காப்பது பற்றிப் பேசும் தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக'வை வைத்துவிடுவேன்.

விவசாயிகளுக்கான நிகழ்ச்சியை யானையிலிருந்து தொடங்குங்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துப்போனது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பயிர் போன கோபமும் நியாயம், யானை செத்த வருத்தமும் நியாயம். இரண்டு பக்கத்தையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் வேறு இடம் ஊரில் கிடையாது. வனத்துறைக்காரரைக் கூப்பிட்டு, அவர் பேச்சை அரை மணியோடு நிறுத்தி, மிச்ச நேரத்தை விவசாயிகளிடம் விடுங்கள். மேசையில் யானைப் புத்தகத்தோடு, ஒரு கண்மாயையும் அதைச் சுற்றிய ஊரையும் பற்றிய சோ. தர்மனின் 'சூல்'. ஏரி வற்றின ஊர்க்காரர்களுக்கு அது கதையாகவே தெரியாது.

பணம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் கொடுத்த வழி அது. எனவே நூலகத்தில் எதையும் யாரும் தயவாகக் கேட்பதில்லை, வரி ரசீதை வைத்துக்கொண்டே கேட்கலாம். 1,000 ரூபாய் கட்டினால் புரவலர். ஊரில் பிறந்து ஓசூரிலும் பெங்களூரிலும் கம்பெனிகளில் இருக்கும் பிள்ளைகளிடம் பொங்கலுக்கு வரும்போது கேளுங்கள். பழைய புத்தகம் தருகிறேன் என்பவரிடம் மட்டும் ஜாக்கிரதை. ஒருமுறை நாலு மூட்டை வந்தது. முழுக்க 1990-களின் கம்ப்யூட்டர் கோர்ஸ் புத்தகம். திருப்பி அனுப்ப ஆட்டோ வாடகை என் கையிலிருந்து. அடுக்கில் இல்லாத பழைய நூல் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நூலகத்துக் கணினியில் எடுத்துக் காட்டலாம்.

கடைசியாக, வருடத்துக்கு ஒரு வெளியூர் நிகழ்ச்சி போதும் என்றால் என் தேர்வு நடுகல், அதாவது சண்டையில் இறந்த வீரருக்கு நட்ட நினைவுக்கல். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை மீட்கப் போய் இறந்தவர்கள், வட்டெழுத்தில் பெயர்களோடு. போகும்போது புறநானூற்றை எடுத்துக்கொள்ளுங்கள், உரையோடு கூடிய பதிப்பு. நெல்லிக்கனிப் பாட்டு (91) எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். 232-ஐப் படியுங்கள். அதியமான் இறந்த பிறகு ஔவை பாடியது. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்களே, மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்க மறுப்பவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறாள். வகுப்பறையில் பத்து மதிப்பெண் பாட்டாகக் கடந்துபோனதை, கல்லின் முன்னால் நின்று ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் படித்தபோது, வேன் டிரைவர்கூட ஓரமாக வந்து நின்று கேட்டார். வேனிலேயே பதிவேட்டைக் கொண்டுபோயிருந்தோம். திரும்பும் வழியில் புறநானூறு இரண்டு பிரதியும் இரவல் போய்விட்டது.

போகிற நாளை மட்டும் பார்த்து வையுங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை. நமக்கு ஓய்வு நாளாயிற்றே என்று அன்றைக்கு வேன் பேசி, பூட்டிய கேட் முன்னால் முப்பது பிள்ளைகளோடு நின்றவன் நான்.